தானாக அணையாத இண்டிகேட்டர்: 1966 மஸ்டாங்கில் ஒரு பிளாஸ்டிக் துண்டு

என்னிடம் உள்ள 1966-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கில், திருப்பம் முடிந்து ஸ்டீயரிங் நேரான பிறகும் இடப்பக்க இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே இருந்தது. வலப்பக்கம் ஒழுங்காக அணைந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இதை ஒரு கோளாறாகவே கருதுவதில்லை. லீவரைக் கையால் நடுவுக்குத் தள்ளினால் போயிற்று என்பார்கள். வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்லும் அமெரிக்கச் சாலையில் இடப்பக்கம் திரும்புவது எதிர்வரிசையைக் குறுக்காகக் கடப்பதாகும். ஆகவே, மின்னும் விளக்கை நம்பி எதிரே வருபவர் எடுக்கும் முடிவு நம் உயிரையும் அவர் உயிரையும் சேர்த்தே பாதிக்கும். விளக்கை மின்னவைக்கும் ஃப்ளாஷரின் மெல்லிய 'டிக்' ஒலி எஞ்சின் இரைச்சலில் அமுங்கிப்போவதால், விளக்கு எரிவது பெரும்பாலும் ஓட்டுபவருக்கே தெரிவதில்லை.

இதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இந்தக் காரில் இன்னொரு காரணமும் உண்டு. பின்பக்கத்தில் பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பல்புக்குள் தனித்தனி இழைகள் இல்லை. ஒரே இழைதான் இரண்டு வேலைகளையும் செய்கிறது. பிரேக் மிதியிலிருந்து வரும் மின்சாரம் இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் நுழைந்து, அங்கிருந்தே இரு பக்கமும் பிரிகிறது. லீவரை இடப்பக்கம் தள்ளினால் சுவிட்ச் இடது பின்விளக்கைப் பிரேக் இணைப்பிலிருந்து விடுவித்து ஃப்ளாஷரோடு சேர்க்கிறது. வலது விளக்கு பிரேக்கோடு இணைந்தபடியே இருக்கும். இதனால், லீவர் நடுவுக்கு முழுமையாக வராமல் சற்றே ஒருபக்கமாக நின்றுவிட்டால், ஒரு பக்கப் பிரேக் விளக்கு எரியாமல் போகக்கூடும். பிரேக் விளக்கு எரியவில்லை என்று பல்பையும் ஒயரையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள், லீவர் நடுவில் சரியாக நிற்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

ஃப்ளாஷரை மாற்றினால் இது சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஃப்ளாஷர் என்பது உள்ளே சூடேறிக் குளிரும் உலோகத் தகட்டால் விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கும் சிறிய டப்பா. லீவர் திரும்பி வருவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தானாக அணைவது முழுக்க முழுக்க இயந்திர வேலை. ப்யூக் நிறுவனம் 1939-ஆம் ஆண்டு மாடலில் மின்னும் இண்டிகேட்டரை அளித்து, 1940 மாடலில் அது தானாக அணையும் வசதியைச் சேர்த்த காலத்திலிருந்து, அமெரிக்கக் கார்களில் பல பத்தாண்டுகளுக்கு அடிப்படை உத்தி இதுவாகவே இருந்தது.

அந்த உத்தி எளிமையானது. ஸ்டீயரிங் வீலின் மையக் குடத்துக்கு அடியில், வீலோடு சேர்ந்து சுழலும் மேடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே அசையாமல் நிற்கும் சுவிட்சின்மேல், லீவரோடு சேர்ந்து திரும்பும் கேம் என்ற பிளாஸ்டிக் துண்டு அமர்ந்திருக்கிறது. லீவரை இடப்பக்கம் தள்ளும்போது கேம் சற்றுத் திரும்பி, அதன் ஒரு நாக்கு மேட்டின் பாதைக்குள் நீட்டிக்கொள்கிறது. வீல் இடப்பக்கம் சுழலும்போது மேடு தட்டினாலும் நாக்கு வளைந்து வழிவிடும். வீல் நேராகத் திரும்பி வரும்போதோ, ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கதவைப் போல, அதே நாக்கு வழிவிட மறுக்கிறது. மேடு அதை உந்த, கேமும் லீவரும் நடுவுக்கு வந்துவிடுகின்றன. வரிசை மாறும்போது வீலைச் சிறிதளவே திருப்புவதால் மேடு நாக்கைத் தாண்டுவதே இல்லை. அப்போது இண்டிகேட்டர் அணையாமல் இருப்பது இயல்பு. அதற்காகக் காரைப் பிரிக்க வேண்டியதில்லை.

வீலைக் கழற்றுவதற்கு முன்பே கோளாறின் இடத்தைப் பெருமளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தினால், பவர் ஸ்டீயரிங் இல்லாத காரிலும் வீல் இலகுவாகச் சுழலும். லீவரை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, வீலைச் சுழற்றி, மேடு நாக்கைத் தட்டும் ஓசையைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அணையவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பக்கத்து நாக்கு உடைந்திருக்கும். தட்டும் ஓசை கேட்டும் லீவர் நகராவிட்டால், கேம் விரிசல் விட்டிருக்கலாம் அல்லது பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கலாம். இரு பக்கமும் ஓசையே இல்லையென்றால், வீலின் குடம் சுவிட்சிலிருந்து விலகி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வீல் பொருத்திய கார்களில் இது அடிக்கடி நிகழ்கிறது, ஏனெனில் அந்த வீல்களின் இணைப்புத் துண்டில் மேடு இல்லாமலோ உயரம் குறைந்தோ இருக்கும். ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் அணைந்தால், யாரோ வீலைக் கழற்றி, அது பொருந்தும் ஸ்டீயரிங் தண்டின் பல்வரிசையில் ஓரிரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். சக்கர அலைன்மென்ட் செய்யும் இடங்களில் முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு இப்படிச் செய்துவிடுவது உண்டு.

என் காரில் உடைந்திருந்தது நாக்குதான். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். ஹாரன் வளையத்தை அழுத்தி இடஞ்சுழியாகத் திருப்பினால் அது ஸ்பிரிங்கோடு மேலே வந்துவிடும். அடியில் உள்ள பெரிய நட்டுக்கு 15/16 அங்குல சாக்கெட் வேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைத்து, தண்டிலும் குடத்திலும் நேருக்கு நேர் அடையாளமிட்டபின் வீலை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரைப் பொருத்த வேண்டும். நட்டு இல்லாவிட்டால், இறுகியிருந்த வீல் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்கும். சுத்தியலால் தண்டைத் தட்டுவது கூடவே கூடாது. இந்த ஆண்டு மாடலில் தண்டு ஒரே நீளமாக ஸ்டீயரிங் பெட்டிவரை செல்வதால், ஒவ்வோர் அடியும் அங்குள்ள பேரிங்கில் போய் விழும்.

கடைகளில் முழுச் சுவிட்சையும் வாங்கச் சொல்கிறார்கள். அதை மாற்ற ஒயர்க் கட்டு முழுவதையும் ஸ்டீயரிங் குழாய்க்குள்ளிருந்து இழுத்து, புதியதை மறுபடி நுழைக்க வேண்டும். பழைய இணைப்புகள் நன்றாக இருக்கும்போது அவற்றை இப்படித் தொந்தரவு செய்வதை நான் விரும்புவதில்லை. கேமை மட்டும் தனியாக விற்கிறார்கள்; சுவிட்சை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம். உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுக்க வேண்டும், மின்தொடுப்புகளுக்கு இடையே ஒன்று கிடந்தாலும் லீவர் சிக்கும். புதிய கேமைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது அதன் விளிம்பில் பிசிறு தெரிந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தபின் அது தடையின்றி அசைந்தது. வெள்ளை லித்தியம் கிரீஸை மிகக் குறைவாகத் தடவினேன், அதிகமானால் அருகிலுள்ள ஹாரன் தொடுப்புகளில் வழியும்.

முன்சக்கரங்களை நேராக வைத்து, அடையாளங்கள் பொருந்துமாறு வீலை மாட்டி, நட்டை இறுக்கிப் பேட்டரியை இணைத்தேன். ஹாரன் வளையத்தை மாட்டும் முன்பே இரு பக்கமும் சோதித்துவிடுவது நல்லது. இண்டிகேட்டர் அணைவதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. வேறொருவரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, லீவர் நடுவில் இருக்கும்போது பிரேக்கை மிதித்து இரு விளக்குகளும் எரிகின்றனவா, இடப்பக்கம் தள்ளி மிதித்தால் இடது மின்ன வலது நிலையாக எரிகிறதா, வலப்பக்கத்தில் அதற்கு நேர்மாறாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, லீவரைக் கையால் அல்லாமல் வீலைச் சுழற்றித் தானாகவே நடுவுக்கு வரச் செய்து, மீண்டும் பிரேக்கை மிதிக்க வேண்டும். என் காரில் அந்த நிலையிலும் இரு விளக்குகளும் ஒரே பிரகாசத்தில் எரிந்தன. அதன் பிறகே ஹாரன் வளையத்தை மாட்டினேன்.