3 அடிச் சாய்தளம்

ஏற்காட்டில் ஒரு பள்ளி வாசலில் இன்று பார்த்தது: 2 படி, பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறப் புதுச் சாய்தளம். நீளம் 3 அடிகூட இருக்காது. ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

கணக்கு 1:12. ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 2 படி சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு அடி. அதை 3 அடிக்குள் முடித்தால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், பிள்ளையோடு பின்னால் சாயும்.

மேலே கதவுக்கு முன்னால் 5 அடி சமதளம் கட்டாயம். அது இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கையெடுத்ததும் வண்டி பின்னோக்கி உருளும்.

அப்புறம் மலை ஈரம். வழவழவென்று பூசிய சிமெண்ட்டில் பாசி பிடிக்கும். பூச்சு காய்வதற்குள் துடைப்பத்தைக் குறுக்கே இழுத்து வரி போட வேண்டும். இருபுறமும் கைப்பிடி.

இடம் பற்றாதா? நடுவில் திருப்பி வளைத்துக் கட்டலாம். அதுவரை சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் வகுப்பைப் படியில்லாத அறைக்கு மாற்றுங்கள், செலவே கிடையாது.