விரும்பிக் கிடந்த பசி

நான் சொன்னது இவ்வளவுதான்: “என்னைப் பாருங்கள் அம்மா. ஒன்றரை வருடத்துக்கு முன் நான் 91 கிலோ. இரவுச் சோற்றை விட்டேன், காலையில் ஓடினேன், இப்போது 72. என்னால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?”

இதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைய கிளினிக்கில் அது எழுபதாவது நோயாளியின் கொப்பியோ எண்பதாவது கொப்பியோ, களைத்திருந்தேன். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியிடம், நான் அதை எப்படிச் சொன்னேன் என்று மாலையில் கேட்டேன். “நீங்கள் ஏசவில்லை, டொக்டர்” என்றார். ஏசினேனா என்று நான் கேட்கவே இல்லை.

அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானதற்கு ஒரு லொறிச் சாரதிதான் காரணம். அவருடைய இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தபோது 104 சென்ரிமீற்றர். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் ஆபத்து என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் மேசையின் விளிம்பில் அழுந்திக் கிடந்த என் வயிற்றைப் பார்த்தார். “டொக்டர் உங்களுடையதை அளந்தீர்களா?” என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். அன்றிரவு விடுதி அறையில் கதவைச் சாத்திவிட்டு அளந்தேன். 108. மறுநாள் வெறுவயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 118. சீனி வருத்தம் என்று சொல்ல 126 வேண்டும். எட்டுப் படி கீழே நின்றிருந்தேன்.

ஊரில் வைத்தியர் எந்தக் கடையில் கொத்துரொட்டி வாங்குகிறார், எந்த மூலையில் நின்று சிகரெட் பிடிக்கிறார் என்பதெல்லாம் கிளினிக்குக்கு வருகிற சனத்துக்கு முன்கூட்டியே தெரியும். அப்படியிருக்க, என் வாயிலிருந்து வரும் அறிவுரைக்கு என்ன பெறுமதி? இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் அட்லாண்டாவில் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. வைத்தியரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்றில் மட்டும் வைத்தியர் தன் சொந்தப் பழக்கங்களை அரை நிமிடம் கூடுதலாகச் சொல்கிறார். அவருடைய மேசையில் ஓர் அப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் தெரிகின்றன. அதைப் பார்த்தவர்கள் அவரைக் கூடுதலாக நம்பினார்கள், அவர் சொல்வதைக் கேட்டு மாறத் தோன்றுகிறது என்றார்கள். அரை நிமிடமும் ஓர் அப்பிளும்! நான் என் உடம்பையே மேசையில் வைக்கலாம் என்று முடிவெடுத்தேன்.

அது பலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரணைமடுக் குளக்கட்டில் நான் ஓடுவதை ஆட்கள் பார்த்தார்கள். லொறிச் சாரதி நடக்கத் தொடங்கினார். எட்டு மாதத்தில் 104, 97 ஆனது. “டொக்டரே செய்கிறார்” என்று வரிசையில் நின்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் “என்னைப் பாருங்கள்” என்றுதான் தொடங்கினேன்.

அந்த அம்மாவிடமும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனையில் 9.8 வீதம், மிக அதிகம். காலில் ஒரு சிறிய புண், ஆறிவருகிற நிலையில். அவர் என்னைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகு கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, றப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“அது நீங்கள் விரும்பிக் கிடந்த பசி, ஐயா. நான் 2009இல் பேரப்பிள்ளைக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, சட்டி கழுவிய தண்ணீரைக் குடித்தவள். இரவில் சட்டியில் சோறு இல்லையென்றால் எனக்கு நித்திரை வராது.”

பையை நான் திருப்பி வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கொப்பியில் இன்னும் எழுதவில்லை. வளையத்தைக் கழற்றி, ‘உணவு ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று எழுதினேன். மருந்தின் அளவைக் கூட்டினேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் மகள் வந்து குளிசை வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்கு நடக்க இயலாதாம்.

நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? பட்டினி கிடந்தவர் என்பதற்காக 9.8 இறங்கிவிடாது. விரல் கறுத்து வந்து, பிறகு பாதத்தையே எடுக்க வேண்டிவந்தவர்களை நான் அனுப்பிவைத்திருக்கிறேன். இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், அதுவும் அவருக்குச் செய்த துரோகம்தான். இப்படி எனக்கு நானே சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் படுகிறது. ஆனால் 2009இல், போரின் அந்தக் கடைசி மாதங்களில் நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைதான் என் பெரிய கவலை. இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டேன். என் 72 கிலோவை அவருக்கு முன்னால் வைத்தபோது இது எனக்கு நினைவில் வரவே இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் மெலியத் தொடங்கிய காலத்தில் “என்ன வருத்தம் ஐயா உங்களுக்கு?” என்று முதலில் கேட்டவர் அவர்தான். 91 கிலோவாக இருந்தபோது எனக்குப் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த நாட்களில் நான் சொன்னதைக் கேட்டுத் தேநீருக்குச் சீனி போடுவதையே நிறுத்தியிருந்தார்! அப்போது அவர் நம்பியது எதை? சாப்பிடுகிறவன் என்பதையா? அல்லது நான் என்னைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவரைப் பற்றி மட்டும் கேட்டதையா? உடம்பு முக்கியமில்லை என்று சொல்லிவிட்டால் இலகுவாக இருக்கும். லொறிச் சாரதியின் 97 அதைச் சொல்ல விடாது.

மூன்று வாரம் கழித்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய சொற்கள் சரியாகக் காதில் விழுந்தன. இரவில் சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சட்டியில் சோறு இருக்க வேண்டும் என்றார். இருக்கட்டுமே! சட்டியில் இருக்கட்டும், மூடி வைக்கட்டும், காலையில் கோப்பையில் அளந்து போட்டுக்கொள்ளட்டும். அவருடைய பேச்சை இடையில் நிறுத்திக் கேட்டிருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே இது பிடிபட்டிருக்கும். அடுத்த முறை மகளிடம் சொல்லி அனுப்பினேன். அவர் தலையை ஆட்டினார். அம்மாவிடம் சொன்னாரா, சொன்னாலும் மகளின் வாயால் அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது, தெரியாது.

குளக்கட்டுக்கு ஏறுகிற பாதையில்தான் அவர்களுடைய வீடு. காலை ஐந்தரைக்கு அவர் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார். நடக்க இயலாது என்பது எந்த அளவுக்கு உண்மை என்று அந்த ஈர்க்குக்கட்டின் சத்தத்திலேயே தெரிகிறது. நின்று, படலையில் கைவைத்துக் கூப்பிடலாம், இன்னும் கூப்பிடவில்லை. அந்த வேலி முடியும் வரை ஓடாமல் நடக்கிறேன், அவ்வளவுதான்.

போன கிழமை எதிரே லொறிச் சாரதி வந்தார். “ஏன் டொக்டர், இன்றைக்கு நடக்கிறீர்கள்?” என்று உரத்துக் கேட்டார். உள்ளே ஈர்க்குக்கட்டின் சத்தம் நின்றது.

களைப்பு என்றேன்.