மூன்று தட்டுகளும் ஒரே ஏற்பியும்

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல்களான ஹீலா செல்கள் வளர்ந்திருந்த மூன்று தட்டுகளை நுண்ணோக்கியின் கீழ் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த ஒரு மாலையில்தான், வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெறும் புரதங்களான செல்லின் மேற்பரப்பு ஏற்பிகளைப் பற்றி நான் அதுவரை கொண்டிருந்த எண்ணம் மாறியது. முதல் தட்டில் டி.என்.எஃப். என்னும் சைட்டோகைன் (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதம்) மட்டும் இடப்பட்டிருந்தது. இரண்டாவதில் புதிய புரதங்கள் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு மட்டும். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து. முதல் இரண்டு தட்டுகளிலும் செல்கள் பெரும்பாலும் அடித்தளத்தோடு ஒட்டிப் பரந்தே இருந்தன. மூன்றாவதிலோ சில மணி நேரத்திற்குள் அவை விளிம்புகளை உள்ளிழுத்து உருண்டு, மேற்பரப்பெங்கும் கொதிநீரைப் போலக் குமிழ்கள் எழ, சவ்வு கிழியாத சிறு உருண்டைகளாகப் பிரிந்துகொண்டிருந்தன. உதிரும் இலைகளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1972-இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவரும் 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டது இந்த இறப்பைத்தான்.

டி.என்.எஃப். என்பதன் பொருளே 'கட்டியை நசியச் செய்யும் காரணி' என்பதாகும். அப்படியிருக்க, அது தனியாக வந்தபோது செல்கள் ஏன் இறக்கவில்லை?

உயிர் வாழ்வதே செல்லின் இயல்பு, இறப்பதற்குத்தான் கட்டளை வேண்டும் என்று நினைத்துக்கொள்வது எளிது. ஆனால் நம் உடலின் பெரும்பாலான செல்களுக்கு அது பொருந்தாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுக்களின் முன்னோடிச் செல்கள், எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோன் தங்கள் ஏற்பியில் வந்து பொருந்தினால்தான் பிழைக்கின்றன, ஏனெனில் அந்தப் பிணைப்பே உள்ளே ஜாக்2 நொதியைத் தூண்டி, மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் பி.சி.எல்.-எக்ஸ்.எல். புரதத்தைப் பெருகச் செய்கிறது. ஹார்மோன் போதாத செல்கள் தாமாகவே மடிகின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டினைக் கூடுதலாகச் சுரக்கிறது. வழக்கமாக மடிந்திருக்கக்கூடிய முன்னோடிகள் பல அப்போது பிழைத்துச் சிவப்பணுக்களாகின்றன. செல் இறப்பை இவ்வளவு சிக்கனமான கருவியாக உடல் பயன்படுத்துவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

இதற்கு நேரெதிரானது ஃபாஸ் ஏற்பி. அதன் இணைப்புப் புரதம் வெளியே பொருந்தியதும், ஏற்பியின் உள்வால்களில் ஃபாட் என்னும் இடைப்புரதமும் அதன்மேல் காஸ்பேஸ்-8 நொதியும் வந்து கூடுகின்றன. நெருங்கி நிற்பதாலேயே காஸ்பேஸ்-8 விழித்தெழுந்து, செல்லைத் துண்டாடும் காஸ்பேஸ்-3-ஐ முடுக்கிவிடுகிறது. இந்த ஏற்பியின் மரபணு பழுதுபட்டவர்களுக்கு, வேலை முடிந்தும் மடியாத லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் தேங்கி நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்குகின்றன. தன்னுடல் தாக்கு நோய்களும் தலைதூக்குகின்றன.

டி.என்.எஃப். ஏற்பி-1-ஐயும் பாடநூல்கள் ஃபாஸோடு சேர்த்து 'மரண ஏற்பி' என்றே வகைப்படுத்துகின்றன. மாணவர்களை இவ்வளவு தவறான திசையில் இழுத்துச் செல்லும் பெயர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. இந்த ஏற்பி தூண்டப்பட்டதும் சவ்வின் உட்புறத்தில் முதலில் கூடும் புரதக் கூட்டம் கொல்வதற்கானதன்று: அதிலுள்ள ரிப்-1 புரதத்தின் மீது யுபிகுயிட்டின் என்னும் சிறு புரதத்தின் சங்கிலிகள் ஏற்றப்பட, என்.எஃப்.-கப்பா பி என்னும் காரணி உட்கருவுக்குள் நுழைந்து, செல்லைக் காக்கும் மரபணுக்களை இயக்குகிறது. அவ்வாறு உருவாகும் புரதங்களுள் ஒன்றான சி-ஃபிளிப், காஸ்பேஸ்-8-இன் கொல்லும் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. சி-ஃபிளிப் நெடுநேரம் நிலைக்காத புரதம். புதிது புதிதாகச் செய்யப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது தட்டில் சைக்ளோஹெக்சிமைடு நிறுத்தியது அந்த உற்பத்தியைத்தான். செய்தியும் அதை ஏற்ற ஏற்பியும் முதல் தட்டில் இருந்தவையே; உள்ளிருந்த கடிவாளம் மட்டும் இல்லாமற்போனதால், அதே ஏற்பியிலிருந்து பிறகு பிறக்கும் இரண்டாவது புரதக் கூட்டத்தில் காஸ்பேஸ்-8 கட்டவிழ்ந்தது.

அப்படியானால் காஸ்பேஸ்-8-ஐயே முடக்கிவிட்டால் செல் தப்பித்துவிடுமா? சில வைரஸ்கள் செய்வது இதைத்தான். ஆனால் ரிப்-3 புரதத்தை உடைய செல்களில் அப்போது மற்றொரு வழி திறக்கிறது: ரிப்-1 ரிப்-3-ஐத் தூண்ட, அது எம்.எல்.கே.எல். என்னும் புரதத்தை முடுக்கிவிட, அது சவ்வையே துளைக்கிறது. நான் பார்த்த உருண்டைகள் எதையும் வெளியே சிந்தவில்லை. உடலுக்குள் என்றால் அவற்றை விழுங்குசெல்கள் ஓசையின்றி உண்டு முடித்திருக்கும். நெக்ரோப்டோசிஸ் என்னும் இந்த வழியில் மடியும் செல்லோ ஊதி வெடித்து, தன் உள்ளடக்கம் முழுவதையும் வெளியே கொட்டி, சுற்றியுள்ள நோயெதிர்ப்புச் செல்களையெல்லாம் விழித்தெழச் செய்துவிட்டே சாகிறது.