முதுகில் ஒட்டிய மாவு

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கிலோ கோலமாவு வாங்கினேன். "வீட்டில் என்ன விசேஷம்?" என்றார் கடைக்கார அக்கா. "ஒத்திகை" என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் செய்யப்போகும் நிகழ்த்துக் கலை இதுதான்: கறுப்புத் துணியில் 1938 என்ற எண்ணைச் சிக்குக் கோலமாகப் போட வேண்டும். அதன்மேல் வெற்று முதுகோடு படுத்து எழுந்தால், எண் இடம்வலம் மாறி முதுகில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே கூட்டத்துக்கு நடுவே நடப்பேன். மானிய விண்ணப்பத்தில் இதற்குக் 'காலனிய நீக்கம்' என்று பெயர் கொடுத்திருக்கிறேன். சொல்வதற்குள் வாய் வலிக்கிறது.

377ஏ சட்டப்பிரிவைப் பிரிட்டிஷ் ஆட்சி இங்கே கொண்டுவந்த ஆண்டு 1938. ஆணும் ஆணும் உறவுகொண்டால், அது சொந்த வீட்டுக்குள் என்றாலும், இரண்டாண்டு வரை சிறை. 2022 நவம்பரில்தான் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது. வெள்ளைக்காரன் எப்போதோ கப்பலேறிவிட்டான். அவன் விட்டுப்போன கூச்சம் மட்டும் "நம்ம பண்பாடு" என்று பெயர் மாற்றிக்கொண்டு தங்கிவிட்டது. தீபாவளிக்குத் தீபாவளி என் சித்தப்பா வாயிலிருந்து அதைக் கேட்கலாம்.

உடம்பு எதற்கு, படம் வரையலாமே என்பவர்கள் உண்டு. அலகு குத்திக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் பயமும் உண்டு. போலீஸ் பொறிவைத்துப் பிடித்த 12 ஆண்களுக்காக, 1994 பிறந்த இரவில் ஜோசஃப் இங் என்ற கலைஞர் ஒரு நிகழ்ச்சி செய்தார். அதன் பிறகு 2003 வரை நிகழ்த்துக் கலைக்கு மானியமே கிடையாது.

சரி, ஒத்திகை. இரவு பதினொன்றுக்குக் கூடத்தில் துணியை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் குடிக்க வந்தார்.

"யாரு பொறந்த வருஷம்டா?"

"ஒரு சட்டம் பொறந்த வருஷம்மா."

"உங்களுக்கெல்லாம் எதிரா இருந்துச்சே, அதுவா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் நின்றார். "எட்டுல இழை விட்டுப்போச்சு பாரு. சிக்குக் கோலத்துல இழை அறுந்தா ஆகாது." முட்டிவலியோடு குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து இழுத்துச் சேர்த்தார். அது அறுந்தே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அம்மா குனிந்ததைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை.

படுத்து எழுந்தேன். ஈரத்துண்டால் முதுகைத் துடைத்தபடியே திட்டினார்: "இது கல்லு மாவுடா, அரிக்கும். அடுத்த தடவை அரிசி மாவு வாங்கு. எறும்பாவது திங்கும்."