பசு மணியடிக்கும் இடத்தில் தொடங்குங்கள்

காட்சித் தொடர்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் இறுதியாண்டு நெருங்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டால் நல்லது?" மென்பொருளை எவரும் பழகிக்கொள்ளலாம். கைப்பேசித் திரையை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவரை நிறுத்தி, கடைசிப் படம்வரை கூட்டிச் செல்லும்படி ஒரு கதையை அடுக்கத் தெரிவதுதான் கடினம். நான் பழகிய வழியைச் சொல்கிறேன். செய்முறைத் தேர்வுக்கும் அதற்குப் பிறகான வேலைக்கும் உதவும்.

பயிற்சிக்கு எல்லோருக்கும் தெரிந்த கதையையே எடுங்கள். புதிய கதை என்றால் அதன் புதுமையே பார்ப்பவரை இழுத்துவிடும். உங்கள் அடுக்குமுறை நன்றாக இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. நான் எடுத்தது மனுநீதிச் சோழன் கதை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஆறு படங்கள் (இவற்றைத்தான் அட்டைகள் என்கிறேன்), ஓர் அட்டையில் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டேன்.

"திருவாரூரில் ஓர் அரசன் இருந்தான்" என்று தொடங்கத்தான் கை போகும். அதைத் தடுத்துவிடுங்கள். முதல் அட்டையில் அரசன் வேண்டாம். ஒரு கயிறு, அதைக் கவ்வி இழுக்கும் பசுவின் வாய், மேலே பாதி மட்டும் தெரியும் மணி. "அரண்மனை மணி ஒலித்தது" என்ற மூன்றே சொற்கள். ஏன் இழுக்கிறது என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் எழுந்துவிட்டால் அடுத்த அட்டைக்கு அவரே வருவார். இரண்டாவதில் மேலிருந்து குனிந்து பார்க்கும் அரசன். மூன்றாவதில் தெரு, தேர்ச்சக்கரம், அதன்முன் துள்ளிவரும் கன்று. அடிபட்ட உடலைக் காட்டத் தேவையில்லை. நான்காவதில் அமைச்சர் பேச, அரசனின் முகம் பாதி இருளில்.

ஐந்தாவது அட்டையில்தான் இந்தப் பயிற்சியின் உயிர் இருக்கிறது. மூன்றாம் அட்டையின் அதே கோணம், அதே தெரு, அதே சக்கரம். கன்று நின்ற இடத்தில் இளவரசன். ஒரு சொல்கூட எழுத வேண்டாம். கன்றுக்கும் மகனுக்கும் ஒரே நீதி என்பதை அந்த ஒற்றுமையே சொல்லிவிடும். காட்சியால் கதை சொல்வது என்றால் எனக்கு இதுதான். பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். பெரியபுராணத்தில் கதை இங்கே முடியவில்லை. இறைவன் தோன்றக் கன்றும், இளவரசன்மேல் தேரை ஏற்ற மனமின்றி உயிரை மாய்த்துக்கொண்ட அமைச்சரும், இளவரசனும் உயிர்பெற்று எழுகிறார்கள். ஆறாவது அட்டை அதற்கு. அதை விடுத்தால் சொல்வது வேறு கதையாகிவிடும் என்பது என் கருத்து.

வாய்ப்புக் கிடைத்தால் கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் வாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில், நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. யார் கதை என்று சொல்லும் குறுங்கல்வெட்டுகளும் உண்டு. ஒரு முழு வாழ்க்கையிலிருந்து எந்தக் கணத்தை அந்தச் சிற்பி தேர்ந்தெடுத்தார், எவற்றையெல்லாம் விட்டார் என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று எழுதிப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் இப்போது ஒரே பதிவில் இருபது படங்கள்வரை அடுக்கலாம். இடம் இருக்கிறதே என்று நிரப்பத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிற்பங்கள் நினைவுக்கு வரும்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழகுக்காக நிறம் சேர்க்காதீர்கள்; பொருளுக்காகச் சேருங்கள். 1858இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட விளக்கப்படத்தைத் தேடிப் பாருங்கள். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் கணக்கு அது. தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களுக்கு நீலம், காயங்களால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. சிவப்பைச் சுற்றி நீலம் விரிந்து கிடப்பதைப் பார்த்தவுடன், குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது என்று புரிந்துவிடுகிறது. உங்கள் அட்டையிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

தமிழ் எழுத்துகளைத் திரையில் வைப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். இதைப் பாடத்தில் போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பது என் வருத்தம். 'கீ', 'ழூ' போன்ற எழுத்துகள் வரிக்கு மேலும் கீழும் நீள்பவை. ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடைவெளி நான் வைப்பது. நம் சொற்கள் நீளமானவை. தலைப்பில் 'கற்றுக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினால் ஒரு வரியில் அடங்காது. அப்போது எழுத்தைச் சிறிதாக்காமல் 'கற்கிறார்கள்' என்று வாக்கியத்தை மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் 'கொ' மூன்று துண்டாகச் சிதறித் தெரிந்தால் எழுத்துருவில் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். பல பதிப்புகளில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் சரியாகிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை சொல்லும் அளவு. அதற்கு மேல் ஒரு சோதனையும் உண்டு: உச்சிவெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று, குறைந்த விலைக் கைப்பேசியில் திறந்து படித்துப் பாருங்கள்.

இனித் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முடிந்த வேலையைச் சிறிது நேரம்தான் பார்ப்பார். "இந்த அட்டை ஏன் இரண்டாவதாக வருகிறது? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்பதுபோன்ற கேள்விகளில்தான் மதிப்பெண் இருக்கிறது. ஆகவே அட்டைகளின் வரிசையைப் பென்சிலில் வரைந்து பார்த்த ஸ்டோரிபோர்டுத் தாள்களைத் தூக்கியெறியாதீர்கள். நீங்கள் கைவிட்ட வரிசையையும் தேர்ந்தெடுத்த வரிசையையும் அருகருகே வைத்து, கைவிட்டதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதி, தொகுப்பின் முதல் பக்கங்களிலேயே சேருங்கள். எல்லாப் படைப்புகளையும் அடைத்து அனுப்பாமல், காரணம் சொல்ல முடிந்தவற்றை மட்டும் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆய்வகக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். திருத்தக்கூடிய மூலக்கோப்பு ஒன்று, எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிரதி ஒன்று, பி.டி.எஃப். ஒன்று என மூன்றையும் எழுத்துருக் கோப்போடு பென்டிரைவில் போட்டு, தேர்வுக்கு முந்தைய நாளே வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.