மெயில்டிராப்புக்கு ஒரு புது ஃபங்ஷன்: நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

எங்கள் சர்வரில் மெயில் வரும்போதெல்லாம் ஒரு ஷெல் (கமாண்டுகளை ஓட்டும் புரோகிராம்) பிறந்து, உடனே செத்துப்போகிறது. ஒரு புரோகிராம் கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், என்னென்ன கேட்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸை இன்றுதான் போட்டுப் பார்த்தேன். வரும் மெயிலைப் பிரித்து ஃபோல்டர்களில் போடும் புரோகிராம் மெயில்டிராப். எங்களிடம் உள்ள அதன் ஃபில்டர் மொழியில், 'இந்த ஃபோல்டர் இருக்கிறதா?' என்று கேட்க நேர்வழி கிடையாது. வெளிக் கமாண்டை ஓட்டும் பேக்டிக் (`) குறிகளுக்குள் டெஸ்ட் கமாண்டைப் போட்டு, ரிட்டர்ன்கோட் 1 ('இல்லை') வந்தால் ஃபோல்டரை உருவாக்கும் மெயில்டிர்மேக்கை ஓட்டுகிறோம். கோப்பின் விவரத்தைக் கர்னலிடம் கேட்கும் ஒரே ஒரு ஸ்டாட் அழைப்பில் முடிகிற விஷயம் இது. அதற்கு ஒரு ஷெல் எழுந்து, லைப்ரரிகளை ஏற்றி, பதில் சொல்லிவிட்டுப் போகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

ஃபங்ஷனை மொழிக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்று முடிவு. எங்கள் உபயோகத்துக்கு மட்டும்.

ஜூன் 4, புதன்

மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். 2001இல் ஆர்எஃப்சி 3028 என்ற இணையத் தர ஆவணமாக வந்த சீவ் என்ற மெயில் ஃபில்டர் மொழியில் லூப்பும் இல்லை, வெளி புரோகிராமை ஓட்டவும் முடியாது. யாரோ எழுதுகிற ஸ்கிரிப்ட் நம் சர்வரில் ஓடப்போகிறதே என்ற பயம், நியாயமான பயம்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் 1995இல் தொடங்கிய எக்ஸிம் என்ற மெயில் சர்வரின் ஃபில்டரில் எல்லாமே உண்டு: கோப்பைப் படிக்கலாம், இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் பயனர் ஃபில்டருக்கு இவற்றை ஒவ்வொன்றாகத் தடை செய்ய நிர்வாகிக்குத் தனித்தனி ஆப்ஷனும் உண்டு. சாவியோடு பூட்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார் மனுஷன்.

மெயில்டிராப்பில் பயனர் தன் உரிமைக்குள் எந்தக் கமாண்டையும் ஏற்கெனவே ஓட்டலாம். அதனால் 'இருக்கிறதா' என்று கேட்பதில் புது ஆபத்து ஒன்றும் இல்லை. வேறொரு புரோகிராம் மெயில்டிராப்பைத் தனக்குள்ளிருந்து ஓட்டுகிற எம்பெடட் மோடில் மட்டும் பேக்டிக், மெயிலை வெளி புரோகிராம் வழியே அனுப்பும் எக்ஸ்ஃபில்டர் எல்லாம் அடைபட்டிருக்கும். என் ஃபங்ஷனும் அங்கே அடைபட வேண்டும்.

ஜூன் 7, சனி

ஃபில்டரைச் சொல்சொல்லாகப் பிரிக்கும் லெக்ஸரில் ஒரு சொல், சொல்வகைகளின் டோக்கன் பட்டியலில் ஒரு வரி, இலக்கணம் பார்க்கும் பார்ஸரில் ஒரு கிளை, கடைசியில் ஸ்டாட் அழைப்பு. மதியத்துக்குள் கம்பைல் ஆகிவிட்டது. பெயர்: எக்ஸிஸ்ட்ஸ்.

என் சொந்த ஃபில்டரிலேயே போட்டுப் பார்த்தேன். சின்டாக்ஸ் எரர். அரைமணி நேரம் பார்ஸரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது: எப்போதோ நானே எழுதிய பழைய ஃபில்டரில் எக்ஸிஸ்ட்ஸ் என்றே ஒரு மாறி இருக்கிறது! நேற்றுவரை சாதாரணச் சொல், இன்று மொழிக்கே சொந்தமான கீவேர்ட், மாறிக்குப் பெயராக வைக்க முடியாது. நல்லவேளை, மெயில் தொலையவில்லை, க்யூவில் நின்றது. ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் என்று பெயரை மாற்றினேன். அழகில்லைதான், ஆனால் யாரும் மாறிக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

புரோகிராம் எழுதுவதைவிட, பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று யோசிப்பதில்தான் நாள் போனது.

இருக்கிறது என்றால் 1. இல்லை என்றால் 0. பார்க்கவே முடியவில்லை என்றால்? மேல் அடைவில் பர்மிஷன் இல்லாமல் ஸ்டாட் தோற்றால் வருவது ஈஆக்ஸஸ். கோப்பே இல்லாவிட்டால் வருவது ஈநோஎன்ட். டெஸ்ட் கமாண்ட் இரண்டுக்கும் 1 என்றே சொல்லிவிடும். எங்கள் ஃபில்டர் இத்தனை நாளும் 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஃபோல்டர் உருவாக்கப் போயிருக்கிறது.

ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸிமின் ரெக்வயர்_ஃபைல்ஸ் ஆப்ஷன் இதைச் சரியாகச் செய்கிறது. ஈஆக்ஸஸ் வந்தால் முடிவெடுக்காமல் மெயிலைத் தள்ளிவைக்கிறது. 'இல்லை' என்றே வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டுமானால் பெயருக்கு முன்னால் ஒரு பிளஸ் குறி போட வேண்டும். அதையே எடுத்துக்கொண்டேன்: ஈநோஎன்ட் தவிர வேறு எந்தப் பிழை வந்தாலும் ஃபில்டர் அங்கேயே நிற்கும், மெயில் க்யூவுக்குப் போகும். பிளஸ் குறி தேவைப்படவில்லை. பிழை வந்தாலும் ஃபில்டரை நிறுத்தாமல் தொடரவிடும் எக்ஸெப்ஷன் பிளாக் மெயில்டிராப்பில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியவர்கள் அதற்குள் போட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 12, வியாழன்

டெஸ்ட் சர்வரில் மெயில் அடைவுகள் என்எஃப்எஸ்ஸில், அதாவது நெட்வொர்க் வழியே வரும் வேறொரு மெஷினின் டிஸ்க்கில், இருக்கின்றன. அந்த இணைப்பை (மவுன்ட்டை) எடுத்துவிட்டு மூன்று மெயில் அனுப்பினேன். க்யூவில் நிற்கும் என்று எதிர்பார்த்தால், மூன்றும் டெலிவரி ஆகிவிட்டதாக லாக் சொல்கிறது. திரும்ப மவுன்ட் செய்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

ஃபங்ஷன் பொய் சொல்லவில்லை. மவுன்ட் போனபின் அங்கே இருப்பது லோக்கல் டிஸ்க்கின் வெறும் அடைவு. அதற்குள் ஃபோல்டர் நிஜமாகவே இல்லை: சுத்தமான ஈநோஎன்ட். ஃபில்டர் அங்கேயே புது ஃபோல்டரை உருவாக்கி மெயிலைப் போட்டது. மேலே என்எஃப்எஸ் வந்து உட்கார்ந்ததும் அது மறைந்துவிட்டது. மறுபடி மவுன்ட்டை எடுத்தேன். மூன்றும் சமர்த்தாக அங்கேயே இருந்தன.

மெயில்டிராப் எழுதப்பட்ட சி++இல் இதைச் சரிசெய்ய முடியாது. என்எஃப்எஸ்ஸின் உச்சி அடைவில் ஒரு காலிக் கோப்பை வைத்தேன். ஃபில்டரின் முதல் வரி இப்போது அதைத்தான் தேடுகிறது. இல்லாவிட்டால் எக்ஸிட்கோட் 75 ('பிறகு முயற்சி செய்'), வெளியேறு. மறுபடியும் மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றும் க்யூவில் நிற்கின்றன.