பாலத்தில் படபடப்பு, கவுண்டரில் பொய்

பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஏறிவிட்டால் நடுவில் திரும்ப வழியில்லை. 13.5 கிலோமீட்டரும் ஓட்டித்தான் ஆகவேண்டும். சென்ற பிப்ரவரியில் இரவு ஷிப்ட்டுக்குப் போகும்போது, பாலம் மேடேறும் இடத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் மரத்துப் போனது, வாய் உலர்ந்தது. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. இங்கேயே விழுந்து செத்தால் அக்கரைப் பட்டர்வொர்த்தில் இருக்கும் மனைவிக்கு யார் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே பினாங்குத் தீவு வந்து சேர்ந்தேன்.

நேராக ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எல்லாம் சுத்தம். 'கேஸ்ட்ரிக்காக இருக்கலாம்' என்றார்கள். 480 வெள்ளி (ரிங்கிட்).

கேஸ்ட்ரிக் இல்லை என்று எனக்கே உள்ளுக்குள் தெரியும். தீவில் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று மூன்று மாதமாகப் பேச்சு. எத்தனை பேர், எந்த லைன், எப்போது, ஒன்றும் தெரியாது. எச்.ஆரைக் கேட்டால் 'அறிவிப்பு வரும்' என்பார்கள். ஓ.டி. நின்றது. கேண்டீனில் தினமும் ஒரு புதுப் பட்டியல் உலாவும். வீட்டுக் கடன் இன்னும் 19 வருடம். இதை வைத்துக்கொண்டு யாருக்குத் தூக்கம் வரும்?

அப்புறம் வீட்டுப் பக்கத்துக் கிளினிக். அங்கே டாக்டர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வெள்ளை மாத்திரை கொடுத்தார். பொட்டலத்தில் '1 பிஜி மலாம்' (இரவில் ஒன்று) என்று மலாயில் பேனாவால் எழுதியிருந்தது, அவ்வளவுதான். போட்டதும் நல்ல தூக்கம். அதனால் மூன்று முறை போய் வாங்கினேன். மாத்திரையின் பெயர் என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பின்னால் தெரிந்தது.

அம்மா, 'தண்ணிமலையானுக்கு வேண்டிக்கோய்யா, சரியாப் போயிடும்' என்றார். தண்ணிமலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நண்பர்கள், 'அதிகமா யோசிக்காதே மச்சான்' என்றார்கள். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பாலத்தை விட்டுப் படகுக்கு மாறினேன். பட்டர்வொர்த்தில் மோட்டாரைப் படகில் ஏற்றி, ஜார்ஜ்டவுனில் இறங்கி, அங்கிருந்து பாயான் லெப்பாஸ். ஒரு மணி நேரம் கூடுதல். 'காற்று வாங்கத்தான்' என்று மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சாப்பாட்டுப் பையைச் சீக்கிரம் கட்டிவைக்க ஆரம்பித்தார்.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. இனி நிம்மதி என்று அன்று பாலத்தில் ஏறினேன். அதே மேட்டில் அதே படபடப்பு. வேலை போகும் பயம் போய்விட்டது, உடம்புக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. அப்போதுதான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவது என்று முடிவெடுத்தேன்.

முதல் நாள் காலை ஏழரைக்கு நம்பர் எடுத்தாயிற்று. கவுண்டரில் இருந்த கிராணி (குமாஸ்தா) 'சாக்கிட் அப்பா?', என்ன நோய், என்று மலாயில் கேட்டார். பின்னால் வரிசை, அதில் இரண்டு தமிழ் முகங்கள். 'பெர்டெபார்' என்றேன், நெஞ்சு படபடப்பு என்று. அவர் பாவம், இதயக் கோளாறு என்று நினைத்து இ.சி.ஜி. வரிசைக்கு அனுப்பிவிட்டார். இரண்டரை மணி நேரம் கழித்து மறுபடி அதே சுத்தமான தாள். நானே வரவழைத்துக்கொண்ட வினை.

இரண்டாம் முறை துணிந்து, 'மனநலம் பற்றிக் கேட்கணும்' என்று மலாயில் சொன்னேன். அவர் குரலைக் குறைக்காமல், 'மெந்தால்? ஊந்தோக் சியாப்பா?' என்றார். யாருக்காம்! முழுக் கூடமும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. என் வாயிலிருந்து வந்தது: 'அபாங் சாயா.' என் அண்ணனுக்கு. 'அப்படியானால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு அண்ணனே கிடையாது.

அந்தக் கோபத்தில் அன்றிரவு அரசாங்கத்தின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவைத் தோண்டினேன். தடுப்பூசிக் காலத்துக்குப் பின் திறக்கவே இல்லை. அதில் மனநலப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, டாஸ் என்று பெயர். 21 கேள்விகள்: மனச்சோர்வுக்கு ஏழு, பதற்றத்துக்கு ஏழு, மன அழுத்தத்துக்கு ஏழு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடவேண்டும். பதற்றத்தில் எனக்கு வந்தது 18, அதாவது கடுமையானது. கீழே 15555 என்ற ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண்ணையும் குறித்து வைத்தேன் (காலை 8 முதல் நள்ளிரவு 12 வரை எடுப்பார்கள். ஒருநாள் பதினொன்றரைக்கு அழைத்தேன், பொறுமையாகப் பேசினார்கள்).

மூன்றாம் முறை கவுண்டரில் வாயே திறக்கவில்லை. ஐ.சி.யோடு (அடையாள அட்டை) போன் திரையையும் நீட்டினேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், 'டூடோக் டூலு', முதலில் உட்காருங்கள், என்று மெதுவாகச் சொல்லி உள்ளே போய் யாரிடமோ பேசினார். அதே கிராணிதான்! பேச வெட்கமாக இருக்கிறவர்கள் இதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

டாக்டர் இருபது நிமிடம் கேட்டார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார், ஏனென்றால் அது கூடினாலும் இதே படபடப்பு வருமாம். காப்பி ஒரு நாளைக்கு எத்தனை என்றார். ஐந்து என்றதும் பேனாவை வைத்துவிட்டார். கடைசியாக, ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். 'வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒன்று.' பெயர்? பொட்டலம்? வீட்டில். அதைப் பார்க்காமல் எதையும் தொடங்க முடியாது என்று சொல்லிவிட்டார். சிலவகைத் தூக்க மாத்திரைகள் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினாலும் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும் என்றார். ஆக நான்காவது பயணம். எந்தக் கிளினிக்கில் வாங்கினாலும் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

கட்டணம் ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளி. அந்த 480-ஐ நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான்காம் முறை போனபோது டாக்டர் எனக்குப் பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை எழுதினார், குறைந்த அளவில். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் நாட்களில் குமட்டலும் பதற்றமும் கூடலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியிருக்காவிட்டால் ஆறாம் நாளே குப்பையில் போட்டிருப்பேன்.

ஆலோசகரைப் பார்க்க ஐந்து வாரம் காத்திருந்தேன். படகுக் கதையைக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார், 'நீங்க படகுல போகப் போகப் பாலம் பெரிசாகிட்டே போகும்.' பயப்படும் இடத்தைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் அது ஆபத்தான இடம் என்று உடம்பு முடிவே கட்டிவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகவேண்டும். ஆனால் பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்புவது எப்படி? இருவரும் சிரித்துவிட்டோம். கடைசியில் வேறு படிகள் போட்டோம். முதலில் மைத்துனர் காரில், அப்புறம் அவர் மோட்டாரில் பின்னால், அப்புறம் ஞாயிறு காலையில் தனியாக, கடைசியில்தான் இரவு. படபடப்பு வந்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடவேண்டும். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு தணியும். உச்சம் பத்து நிமிடத்துக்குள் வந்து இறங்கிவிடும், எதிர்த்துச் சண்டை போடாதீர்கள் என்றார்.

தூங்காத இரவுகளில் படித்த ஒன்று மட்டும் உருப்படியாகப் பயன்பட்டது. என் லைனில் பெயர் வந்த நண்பரிடம், 'ராஜினாமா என்று எதிலும் கையெழுத்துப் போடாதே' என்று சொன்னேன். தானாக விலகினால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக் காப்புறுதி கிடைக்காது, ஆட்குறைப்புக்கும், நிறுவனமே பணம் கொடுத்து விலக அழைக்கும் வி.எஸ்.எஸ். திட்டத்துக்கும் உண்டு. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் 50, 40, 40, 30, 30 (சம்பள உச்சவரம்பு உண்டு). அவருக்குச் சிக்கலில்லாமல் வந்துவிட்டது.

போன வாரம் இரவு ஷிப்ட்டுக்குப் பாலத்தில் போனேன். மேட்டில் நெஞ்சு ஒருமுறை தட்டியது. ஆறு வரை எண்ணினேன், மறுபடி எண்ணினேன், தீவின் விளக்குகள் வந்துவிட்டன. கையுறைக்குள் முழுக்க வியர்வை. அடுத்த சந்திப்பு நவம்பரில். ஐ.சி., சந்திப்பு அட்டை, பெயர் எழுதிய மாத்திரைப் பொட்டலம் மூன்றையும் இப்போதே மோட்டார் பெட்டிக்குள் போட்டுவைத்துவிட்டேன்.